ஹெர்-2 ஊசி: மருந்துக்கு ஐந்து, ஏற்றுகிற இடத்துக்கு மூன்று

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்பகப் புற்றுநோயில் ஒரு வகைக்கு ஏற்றுகிற இந்த மருந்துக்கு ஐந்துக்கு ஐந்து. அதை ஏற்றுகிற இடத்துக்கு மூன்று, அதுவும் அங்கே வேலை செய்கிற நேர்ஸ்மாருக்காக. பில் போடுகிற கவுண்டருக்குத் தனியாகப் புள்ளி போடச் சொன்னால் ஒன்றுகூடக் கொடுக்க மாட்டேன்.

மருந்து ட்ராஸ்டுசுமாப். ஹெர்செப்டின் என்ற பெயரில் முதலில் வந்தது. இப்போது பயோசிமிலர் என்று, அதே மருந்தை வேறு கொம்பனிகள் தயாரித்துக் குறைந்த விலைக்குக் கொண்டுவருவதும் உண்டு, எங்கள் மாமிக்கு ஏற்றியது அப்படியான ஒன்றுதான். இடம் கொழும்பில், காலி வீதிக்குக் கிட்ட இருக்கிற ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் டே யூனிட், அதாவது மருந்தேற்றிக்கொண்டு அன்றைக்கே வீட்டுக்குத் திரும்புகிற பகுதி. பெயர் போடவில்லை. போட்டால் இது மருந்தைப் பற்றிய எழுத்தாக இல்லாமல் சண்டையாகிவிடும். மூன்று கிழமைக்கு ஒரு தடவையாக ஒரு வருஷம் மாமியோடு போய்வந்தது நான்தான். நான் டொக்டர் இல்லை, உயர்தரத்தில் உயிரியல் படித்ததோடு சரி. ஆனால் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் மணிக்கணக்காகக் குந்தியிருந்தபோது வாசிக்க நிறைய நேரம் கிடைத்தது.

இந்த ஊசி எல்லா மார்பகப் புற்றுநோய்க்கும் ஆனதில்லை. நூறு பேரில் ஏறக்குறைய 15 முதல் 20 பேருக்குத்தான் வேலை செய்யும். அவர்களுடைய கட்டியில் ஹெர்-2 என்ற மரபணு அளவுக்கு மிஞ்சிப் பெருகியிருக்கும், அதனால் கலத்தின் மேற்பரப்பில் அதே பெயருடைய புரதம் குவிந்திருக்கும், 'வளரு வளரு' என்று உள்ளே சொல்லிக்கொண்டே இருப்பது அதன் தொழில். ஹோர்னில் வைத்த கையை எடுக்காத பிரைவேட் பஸ் டிரைவரை நினைத்துக்கொள்ளுங்கள். ட்ராஸ்டுசுமாப் போய் அந்தப் புரதத்தில் ஒட்டிக்கொள்கிறது, சத்தம் குறைகிறது, அதோடு நம் உடம்பின் எதிர்ப்புக் கலங்களுக்கும் 'இங்கே வா' என்று ஆளைக் காட்டிக் கொடுக்கிறது. ஹெர்-2 இல்லாத கட்டிக்கு இதை ஏற்றினால் காசுதான் கரையும்.

அதனால் இந்த ரிவியூவில் முதலில் வர வேண்டியது டே யூனிட் இல்லை, லேப்.

மாமியின் பயொப்சி ரிப்போர்ட்டில் ஹெர்-2 என்ற வரிக்கு நேரே '2+' என்று இருந்தது. குடும்ப வட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டதும் லண்டன் மச்சான் 'பொசிட்டிவ்' என்றார், கனடாச் சித்தி 'நெகட்டிவ், கும்பிட்ட தெய்வம் கைவிடவில்லை' என்றார். இரண்டும் பிழை. 0, 1+ என்று வந்தால் நெகட்டிவ், 3+ என்றால் பொசிட்டிவ், 2+ என்றால் இன்னும் முடிவு தெரியாது, ஃபிஷ் என்ற அடுத்த பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். அதில் கட்டியின் கலங்களுக்குச் சாயம் ஏற்றி, ஒளிரும் புள்ளிகளை மைக்ரோஸ்கோப்பில் கண்ணால் எண்ணுகிறார்கள். ஹெர்-2 மரபணுவுக்கு ஒரு நிறம், அது இருக்கிற 17ஆவது குரோமோசோமின் மையத்துக்கு இன்னொரு நிறம். குறைந்தது 20 கலங்களிலாவது எண்ணி விகிதம் போடுவார்கள். விகிதம் 2 அல்லது அதற்கு மேல் வந்து, ஒரு கலத்தில் மரபணுப் பிரதிகளும் சராசரியாக 4க்குக் குறையாமல் இருந்தால் பொசிட்டிவ். மாமிக்கு விகிதம் 4ஐத் தாண்டியிருந்தது.

லேப் ஒரு கிழமை என்று சொல்லி இரண்டு கிழமைக்கு மேல் இழுத்தது. அந்த நாட்களில் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் நாலு புள்ளி கொடுக்கிறேன். ஏனென்றால் ரிப்போர்ட் விளங்கவில்லை என்று நான் போன் எடுத்தபோது ரிசெப்ஷனோடு நிறுத்தாமல் பார்த்த டொக்டரிடமே லைனைக் கொடுத்தார்கள். அவரும் அவசரப்படாமல் ஒவ்வொரு இலக்கமாக விளங்கப்படுத்தினார், கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டார்: ஒப்பரேஷனில் எடுத்த சதையை எவ்வளவு நேரத்தில் போர்மலினில் (சதை கெடாமல் வைக்கிற திரவத்தில்) போட்டார்கள் என்று தெரியுமா? ஒரு மணித்தியாலத்துக்குள் போட வேண்டுமாம், பிறகு அந்தத் திரவத்துக்குள் 6 முதல் 72 மணித்தியாலம் வரை கிடக்க வேண்டுமாம், கூடினாலும் குறைந்தாலும் இந்த எண்ணிக்கை பிழைக்கலாம். இதையெல்லாம் எந்தக் குடும்பம் கேட்கப் போகிறது? கேளுங்கள். சதையைப் பதித்து வைக்கிற சின்ன மெழுகுக் கட்டியையும் திருப்பி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2022இலிருந்து, நோய் பரவிய நிலையில் 1+ காரருக்கும், ஃபிஷ் நெகட்டிவ் ஆன 2+ காரருக்கும்கூடப் பயன்படுகிற ஒரு புதிய மருந்து வந்திருக்கிறது, ட்ராஸ்டுசுமாப்பின் முதுகில் கீமோவை ஏற்றி அனுப்புகிற வகை. அப்போது அந்தப் பழைய மெழுகுக் கட்டியை மறுபடி பார்க்க வேண்டி வரலாம்.

மருந்துக்கு நான் கொடுத்த ஐந்தில் பெரும்பங்கு டெனிஸ் ஸ்லேமன் என்ற மனிதருக்குப் போக வேண்டும். அவர் செய்த பெரிய காரியம் ஊசியைக் கண்டுபிடித்தது என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாருக்கு ஊசி என்று கண்டுபிடித்ததுதான் அவருடைய காரியம்.

சிக்காகோவில் மருத்துவப் பட்டத்தையும் கலாநிதிப் பட்டத்தையும் சேர்த்து முடித்துவிட்டு, 1979இல் லொஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். சத்திரசிகிச்சையில் வெட்டி எடுக்கும் கட்டிகளை வீணாக்காமல் கேட்டு வாங்கி உறைய வைத்துச் சேர்ப்பது அவருடைய வழக்கம். கட்டிகள் இருந்தன, எதைத் தேடுவது என்றுதான் இல்லை. ஜெனன்டெக் கொம்பனியில் அக்சல் உல்ரிஷ் என்ற ஜெர்மன் விஞ்ஞானியிடம் அதற்கு எதிர்மாறான நிலை: மரபணுக்களைப் பிரித்து எடுத்து வைத்திருக்கிறார், அவை எந்த நோயில் குழப்பம் செய்கின்றன என்று தெரியவில்லை. இருவரும் சேர்ந்தார்கள். 1987இல் வந்த அவர்களுடைய ஆய்வில் 189 மார்பகக் கட்டிகள். அதில் சுமார் 30 வீதத்தில் ஹெர்-2 பெருகியிருந்தது, பெருகியிருந்த பெண்களுக்கே நோய் சீக்கிரம் திரும்பி வந்தது, சீக்கிரம் இறந்ததும் அவர்கள்தான். (அந்த 30தான் பிற்காலத்தில் பெரிய எண்ணிக்கையில் பார்த்தபோது 15, 20 என்று இறங்கியது.) அதுவரை எல்லாருக்கும் ஒரே பெயரில் இருந்த நோய்க்குள் ஒரு தனிக் கூட்டம் இருக்கிறது என்று காட்டியது இந்த ஆய்வு.

பிறகு என்ன, கொம்பனி ஓடிவந்து மருந்து செய்திருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. அந்தக் காலத்தில் இன்டர்பெரோன் என்ற மருந்தை நம்பிக் கையைச் சுட்டுக்கொண்ட கொம்பனிக்குப் புற்றுநோய் என்றாலே கசப்பு. உல்ரிஷ் வேலையை விட்டு ஜெர்மனிக்கே திரும்பிவிட்டார். உள்ளே மைக்கேல் ஷெபர்ட் போன்ற சிலர் ஹெர்-2இல் ஒட்டிக்கொள்கிற, எலியில் செய்த ஆன்டிபொடியை (எதிர்ப்புப் புரதத்தை) விடாமல் வளர்த்துக்கொண்டிருந்தார்கள், வெளியிலிருந்து ஸ்லேமன் விடாமல் நெருக்கிக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்துக்குக் காசு வந்த வழிதான் எனக்குப் பிடித்த பகுதி. ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் பெரிய அதிகாரிக்கு அவர் வேறொரு புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்திருந்தார், அந்த மனிதருடைய மனைவி லில்லி டார்டிகொஃப் நன்றிக்கடனாக ரெவ்லான் தலைவரைப் பிடித்து 24 இலட்சம் டொலர் வாங்கிக் கொடுத்தார். லிப்ஸ்டிக் விற்ற காசு. மாமிக்கு இதைச் சொன்னபோது, "அப்ப இனி நான் லிப்ஸ்டிக் போட்டால் ஒருத்தரும் ஒண்டும் சொல்லக் கூடாது" என்றார். அறுபத்தெட்டு வயது.

எலி ஆன்டிபொடியை அப்படியே ஏற்றினால் மனித உடம்பு அதை அந்நியன் என்று அடித்துத் துரத்திவிடும். அதனால் ஒட்டிக்கொள்கிற நுனியை மட்டும் எலியிடமிருந்து வைத்துக்கொண்டு மிச்சத்தை மனிதருடையதாக மாற்றினார்கள், 1992இல் அது வெளிவந்தது. 469 பெண்களில் நடந்த பெரிய பரிசோதனையில் கீமோ மட்டும் எடுத்தவர்களுக்கு 4.6 மாதத்தில் நோய் மறுபடி முன்னேறியது, கூட இந்த ஊசியும் எடுத்தவர்களுக்கு 7.4 மாதம். உயிரோடு இருந்த காலம் 20.3 மாதத்திலிருந்து 25.1 ஆனது. இவ்வளவுதானா என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் இவர்கள் எல்லாரும் நோய் பரவிய பிறகு வந்தவர்கள். 2005இல், ஒப்பரேஷன் முடிந்த ஆரம்ப நிலைப் பெண்களில் செய்த பரிசோதனைகள் வந்தபோது, நோய் திரும்புகிற ஆபத்து கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. மாமி இந்த இரண்டாவது கூட்டம். 1998 செப்டெம்பர் 25இல் அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி கொடுத்தபோது, ஹெர்-2ஐக் கண்டுபிடிக்கும் பரிசோதனைக்கும் அதே நாளில் அனுமதி கொடுத்தார்கள். அதில்தான் விஷயம் இருக்கிறது. தெரிந்தெடுக்காமல் எல்லாப் பெண்களுக்கும் ஏற்றிப் பார்த்திருந்தால், பலன் கிடைத்த ஐந்தில் ஒருவர் மிச்ச நாலு பேருக்குள் கரைந்து, 'வேலை செய்யாத மருந்து' என்று கோப்பை மூடியிருப்பார்கள். 2019இல் ஸ்லேமன், உல்ரிஷ், ஷெபர்ட் மூவருக்கும் சேர்த்து, மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது கொடுத்தார்கள்.

சரி, டே யூனிட்டுக்கு வருகிறேன்.

சாய்ந்து படுக்கிற நாற்காலிகள், இடையில் திரை, சுத்தம் பரவாயில்லை. ஏசி குளிர் தாங்காது, போர்வை கேட்டால் இருக்கிறவரைக்கும் கொடுப்பார்கள், நீங்களே ஒரு சால்வை கொண்டுபோவது நல்லது. கூட வருகிறவருக்கு பிளாஸ்டிக் கதிரை, முதுகு செத்துவிடும். கென்டீன் பிளேன்ரீ நல்லது, மரக்கறி ரோல்ஸ் வேண்டாம்.

உள்ளே போனதும் நிறை பார்ப்பார்கள். சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள், இந்த மருந்து நிறைக்கு அளந்துதான் ஏற்றப்படுகிறது: முதல் தடவை கிலோவுக்கு 8 மில்லிகிராம், பிறகு மூன்று கிழமைக்கு ஒரு தடவை 6. முதல் தவணை ஒன்றரை மணித்தியாலம் ஓடும், ஒத்துக்கொண்டால் அடுத்தடுத்து அரை மணித்தியாலமாகக் குறைப்பார்கள். மாமிக்கு முதல் தடவை பாதியில் குளிர் நடுக்கம் வந்தது, பல் கிட்டிக்கொண்டது. நான் கத்துவதற்குள் அந்த நேர்ஸ் கிளிப்பை மூடிவிட்டார். போர்வை போட்டு, மருந்து கொடுத்து, பிரஷர் பார்த்து, "அம்மா பயப்பட வேணாம், முதல் நாள் கொஞ்சம் பேருக்கு இப்பிடித்தான், அடுத்த முறை வராது" என்று சிங்களம் கலந்த தமிழில் சொல்லி, நடுக்கம் நின்ற பிறகு மெதுவாகத் திரும்பத் திறந்தார். அடுத்த முறை வரவுமில்லை. மூன்று புள்ளியில் இரண்டு இந்தப் பிள்ளைக்கு.

மருந்து கலப்பதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், பாருங்கள். குப்பிக்குள் வெள்ளைப் பொடிதான் இருக்கும். தண்ணீரை நேரே பொடியின் மேல் பீய்ச்சாமல் மெதுவாக விட்டு, குப்பியைக் குலுக்காமல் விரல்களுக்கிடையில் சுழற்றிச் சுழற்றிக் கரைக்கிறார்கள். குலுக்கினால் நுரைத்துப் புரதம் கெட்டுவிடும். கரைந்ததும் ஐந்து நிமிஷம் சும்மா வைப்பார்கள், நுரை அடங்கி, நிறமில்லாமல் அல்லது சாடையான மஞ்சளில் தெளிந்துவிடும். பிறகுதான் சேலைன் பையில். குளுக்கோஸ் கரைசலில் கலக்கக் கூடாது. ஒரு நாள் புதிதாக வந்த ஒருவர் குப்பியைப் படபடவென்று ஆட்டப் போனார், சீனியர் மிஸ் கையைப் பிடித்து நிறுத்தியதை நான் பார்த்தேன். இப்படி ஆள் இருக்கிற இடத்துக்குப் புள்ளி குறைக்க மனம் வராது.

இதயம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மருந்தின் பெரிய குறை அதுதான். முதல் பரிசோதனையிலேயே, ஆந்த்ராசைக்ளின் வகைக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்தவர்களில் 27 வீதமானவர்களுக்கு இதயத்தில் பிரச்சினை தென்பட்டது. மற்றவர்கள் 'பலன் பெரிது, சமாளிப்போம்' என்று போனபோது ஸ்லேமன் அதை விடவில்லை. ஆந்த்ராசைக்ளினே இல்லாமல், டொசிடக்சல், கார்போபிளாட்டின் என்ற வேறு கீமோக்களோடு இதைச் சேர்த்தால் என்ன என்று 3,222 பெண்களில் பார்த்தார். 2011இல் முடிவு வந்தது: ஐந்து வருஷத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பழைய முறையோடு ஊசி சேர்த்ததில் 84 வீதம், இவருடைய முறையில் 81, ஊசியே இல்லாமல் 75. ஆனால் இதயச் செயலிழப்பு 2 வீதத்திலிருந்து 0.4க்கு இறங்கியது. 84க்கும் 81க்கும் இடையில் எதைப் பிடிப்பது என்று புற்றுநோய் டொக்டர்மார் இடையே வாக்குவாதம் இன்றைக்கும் உண்டு. பிரஷருக்கும் சீனிக்கும் குளிசை போடுகிற மாமியைப் போன்ற ஆளுக்கு எங்கள் டொக்டர் யோசிக்காமல் இரண்டாவதை எழுதினார். நான் ஏன் என்று கேட்டதற்குப் பதிலும் சொன்னார், சனல் பண்ணின காசுக்கு அன்றைக்குத்தான் பெறுமதி தெரிந்தது.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுக்க வேண்டும். இதயம் ஒரு தடவை சுருங்கும்போது எத்தனை வீதம் இரத்தத்தைத் தள்ளுகிறது என்று ஒரு இலக்கம் வரும். முதல் எக்கோவிலிருந்து அது 16 புள்ளி இறங்கினால் ஊசியைக் குறைந்தது நாலு கிழமை நிறுத்துவார்கள். மாமிக்கு 62இலிருந்து 55க்கு வந்தது, பிறகு அங்கேயே நின்றது. டே யூனிட்டில் எக்கோ திகதியை அவர்களாக ஞாபகப்படுத்துவதில்லை, நீங்கள்தான் கிளினிக் கொப்பியில் குறித்து வைத்துக் கேட்க வேண்டும். இதற்கு அரைப் புள்ளி வெட்டு.

இனி பில். இங்கேதான் என் கோபம்.

மாமியின் நிறை 62 கிலோ. கூடுதலாக ஏற்றுகிற முதல் தவணையை விட்டால், தவணைக்கு 372 மில்லிகிராம். குப்பியில் இருப்பது 440. மிச்சம் 68. ஒவ்வொரு தடவையும் முழுக் குப்பிக்கும் காசு, மிச்சம் எங்கே என்று கேட்டால் 'வெளியே போட்டாச்சு'. ஆனால் 440 குப்பியோடு பெட்டிக்குள்ளேயே ஒரு தண்ணீர்க் குப்பி வருகிறது, கிருமி வளராமல் மருந்து சேர்த்த தண்ணீர். அதில் கரைத்தால் 2 முதல் 8 பாகையில் 28 நாள் வைத்துப் பாவிக்கலாம் என்று உள்ளே மடித்து வைத்த தாளிலேயே அச்சடித்திருக்கிறது. மாமியின் தவணை 21 நாளுக்கு ஒரு தடவை. மிச்சத்தை அடுத்த முறை முதலில் எடுத்துக்கொண்டே போனால் இந்த 372 தவணைகளில் ஏழாவதுக்குப் புதுக் குப்பி திறக்கவே தேவைப்படாது. கொப்பியில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குப்பியின் விலை தெரிந்தவருக்கு இது எவ்வளவு காசு என்றும் தெரியும். நான் தாளைக் கொண்டுபோய்க் காட்டியதற்கு 'எங்களுடைய பொலிசி' என்ற ஒரே பதில்தான் வந்தது. கிருமிப் பயத்தால் மிச்சம் வைப்பதில்லை என்று சொன்னால்கூட ஏற்றுக்கொண்டிருப்பேன், அது நியாயமான காரணம். அப்படியென்றால் ஒரே நாளில் இரண்டு மூன்று பேருக்கு நேரம் கொடுத்துக் குப்பியைப் பங்கு போடலாமே? அதற்கும் தலையைச் சொறிந்தார்கள். சண்டை பிடித்த பிறகு 150 மில்லிகிராம் குப்பிகளிலும் எடுக்கலாம் என்றார்கள், எங்களுக்கு மூன்று தேவை, 450. அதிலும் இலாபமில்லை. உங்கள் நிறைக்கு எது பொருந்தும் என்று முதல் நாளே கணக்குப் போட்டுக் கேளுங்கள். 50 கிலோ ஆளுக்கு 300, சரியாக இரண்டு குப்பி.

வெளியிலிருந்து மருந்து வாங்கிக் கொண்டுவர விடுவார்கள், அது நல்லது, விலையும் குறைவு. ஆனால் ஐஸ் பக்கெட்டோடு ரெஜிபோம் பெட்டியில் வர வேண்டும், பில் வேண்டும், ஒரு போர்மில் கையெழுத்தும் வேண்டும். ஐஸில் நேரே முட்ட வைக்காதீர்கள், உறைந்தால் மருந்து போச்சு. வாங்கும்போது பெட்டியில் இருக்கிற பட்ச் இலக்கத்தையும் குப்பியில் இருக்கிற இலக்கத்தையும் ஒத்துப் பார்த்து போனில் படம் எடுத்து வைப்பது என் வழக்கம். கவுண்டரில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். 2022இல் டொலர் இல்லாமல் மருந்துக்கு அலைந்தோம், 2023இல் தரமில்லாத இம்யூனோகுளோபுலின் ஊசி விவகாரம் வந்தது, இந்த நாட்டில் குப்பியைப் பார்க்காமல் கையை நீட்டுவது எப்படி?

பயோசிமிலர் நல்லதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். உயிருள்ள கலங்களில் வளர்த்து எடுக்கிற புரதம் என்பதால் பரசிட்டமோல் மாதிரி அச்சு அசலாக நகல் எடுக்க முடியாது, அதனால்தான் தனியாகப் பரிசோதித்து அனுமதி கொடுக்கிறார்கள். இந்தியாவில் தயாரித்தது 2014 தொடக்கத்தில் அங்கே சந்தைக்கு வந்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் ட்ராஸ்டுசுமாப்பை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது, 2019 டிசம்பரில் ஒரு பயோசிமிலருக்குத் தர அங்கீகாரமும் கொடுத்தது. முதல் மூலமருந்தோடு தொடங்கிப் பாதியில் மாற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள், பயப்படத் தேவையில்லை.

அனுமதிப் படிவம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருந்தது. தமிழில் கேட்டோம், 'அடுத்த முறை' என்றார்கள். ஒரு வருஷம் முடிந்துவிட்டது. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் இத்தனை பேர் வருகிற இடத்தில் இது வெறும் அசட்டை. மாமிக்கு நான் வாசித்துச் சொன்னேன். தனியே வருகிற அம்மாமாருக்கு யார் வாசிக்கிறது?

பக்கத்து நாற்காலியில் அடிக்கடி சந்தித்த புத்தளத்து ராத்தாவுக்கு ஹெர்-2 இல்லை, ஹோர்மோன் வகை (ஹோர்மோனால் வளர்வது), எலும்புக்குப் பரவியிருந்தது. எலும்புக்கு ஊசி போட வருவார், மற்றபடி அவருடைய மருந்து குளிசை, பல்போசிக்லிப். "இதையும் உங்கட அந்த டொக்டர்தான் செஞ்சாரா?" என்று பகிடியாகக் கேட்டார். கிட்டத்தட்ட ஓம். பைசர் கொம்பனி செய்துவிட்டு வருஷக்கணக்காக என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்த ஒரு மூலக்கூறு அது. ஸ்லேமனும் அவருடைய சகா ரிச்சர்ட் ஃபின்னும் வகைவகையான மார்பகப் புற்றுநோய்க் கலங்களில் அதை விட்டுப் பார்த்து, ஹோர்மோன் வகைக் கலங்கள்தான் மடங்குகின்றன என்று 2009இல் எழுதினார்கள். மறுபடியும் அதே கேள்வி, யாருக்கு? 165 பெண்களில் செய்த பரிசோதனையில் நோய் முன்னேறாமல் நின்ற காலம் 10.2 மாதத்திலிருந்து 20.2 மாதமாகியது, 2015 பெப்ரவரியில் அனுமதி. ஆனால் ஆயுளைக் கூட்டுகிறதா என்று பார்த்தபோது பல்போசிக்லிப்பால் அதைத் தெளிவாக நிரூபிக்க முடியவில்லை, அதே குடும்பத்து ரிபோசிக்லிப் 51.4 மாதத்திலிருந்து 63.9 ஆகக் கூட்டிக் காட்டியது. அந்த ரிபோசிக்லிப்பை ஆரம்ப நிலை நோய்க்குக் கொண்டுபோன 5,101 பேர் பரிசோதனையையும் ஸ்லேமன்தான் முன்னின்று நடத்தினார், 2024 செப்டெம்பரில் அதற்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ராத்தாவுக்கு நான் இலக்கமெல்லாம் சொல்லவில்லை. ரிபோசிக்லிப் பற்றி டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

கடைசியாக, தனியாரில்தான் போக வேண்டுமா? வேண்டியதில்லை. மகரகமவில் அபேக்ஷா வைத்தியசாலை இருக்கிறது, அரசாங்கத்தினுடையது, இலவசம், நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிற இடம், ஹைலெவல் வீதியில் 138 பஸ் போகும். மாமியின் மகனுடைய வேலைக் காப்புறுதி பாதிக்கு மேல் கட்டியதால் நாங்கள் தனியாருக்குப் போனோம், இல்லாவிட்டால் முதல் பஸ்ஸில் மகரகமதான். ஒரு வருஷத்துக்குக் காசு கட்ட முடியாது என்று பாதியில் விடுகிறவர்களையும் பார்த்தேன். அவர்கள் யாரிடமும் சொல்லாமல் நின்றுவிடக் கூடாது. இங்கிலாந்தில் 4,000க்கும் மேற்பட்ட பெண்களில் ஆறு மாதத்தையும் ஒரு வருஷத்தையும் ஒப்பிட்டார்கள், நாலு வருஷத்தில் நோயில்லாமல் இருந்தவர்கள் 89.4 வீதம், 89.8 வீதம், 2019இல் வந்தது. பிரான்சில் செய்த இன்னொரு பரிசோதனை ஆறு மாதம் போதும் என்று காட்டவில்லை, அதனால் வழமை இன்னும் ஒரு வருஷம்தான். ஆனால் காசு முடிகிறது என்றால் இந்த விஷயத்தை டொக்டரோடு வெளிப்படையாகக் கதையுங்கள், மகரகமவுக்கு மாற்றிவிடச் சொல்லியும் கேளுங்கள்.

போகிறவர்களுக்கு: முன்பதிவுக்கு யூனிட்டின் நேரடி இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், ஆஸ்பத்திரியின் பொது இலக்கத்தில் பாட்டு மட்டும்தான் கேட்கும். முந்திய நாள் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் கொண்டுபோங்கள், அவர்களுடைய கொம்பியூட்டரில் வந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். திங்கட்கிழமை சனம் கூட. புதன் காலை நல்லது, அந்தக் கெட்டிக்கார மிஸ்ஸும் அன்றைக்கு டியூட்டியில் இருப்பார். கார் கொண்டுபோனால் பார்க்கிங் இல்லை, ஓட்டோவில் போங்கள்.